காரணத்தை எழுதிக் கொடுங்கள்

விருப்ப ஓய்வு கேட்டு நான் கொண்டுபோன விண்ணப்பத்தை வாங்க மாட்டேன் என்று சொன்னவர் அவர். அலுவலகத்துக்கு வரும் எந்தத் தாளையும் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றுவதுதான் அவருடைய வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து வைத்தால்கூடக் கைப்பழக்கத்தில் அதன் மேலும் ஒரு முத்திரை விழும். அப்படிப்பட்டவர் என் தாளை மட்டும் மேலும் கீழும் படித்துவிட்டு ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினார்.

"நக்கோ. இத நான் வாங்க மாட்டேன்."

வராந்தாவில் போன நாலு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் பேசினால் அப்படித்தான். இருபது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. தன் குரல் தனக்குக் கேட்காததால் ரகசியம்கூட அடுத்த கட்டடம் வரைக்கும் போகும்.

"ஏன்க்கா?" என்றேன், அவர் முகத்துக்கு நேராக. உதடு பார்த்துப் படித்துவிடுவார்.

"இத டைப் அடிச்சது யாரு?"

"ஆபீசர் ரூம்ல அடிச்சுக் குடுத்தாங்க."

"தேதி யார் போட்டா?"

"அவங்கதான்."

"அப்ப உன்னுதுன்னு இதுல இன்னா கீது?"

"கையெழுத்து."

"அத மட்டும் எடுத்துக்கினு போ. மத்தியானம் டிபன் பாக்ஸோட இங்க வா."

தபால் பிரிவு அக்கா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிட்டோம். தெலுங்குக்காரர்களுக்கு அவர் 'டிஸ்பாட்ச் அக்கா'. பெயரைச் சொல்லப் போவதில்லை. தன் பெயர் எங்கேயாவது அச்சில் வந்தால் பதில் எழுதச் சொல்லி எனக்கே நோட்டீஸ் விடக்கூடியவர்.

செகந்திராபாத்தைத் தாண்டி, அளவுக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய மத்திய அரசு நிறுவனத்தில் நான் பரிசோதகன். வீடு மல்காஜ்கிரியில். அப்பா ரயில்வேயில் இருந்தார். எனக்கு நாற்பத்திரண்டு வயதானபோது விழித்திரை நோய் என்று டாக்டர்கள் பெயர் சொன்னார்கள். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய். நேராகப் பார்த்தால் ஒரு வளையல் அகலத்துக்கு உலகம் தெரியும். அதற்கு வெளியே ஒன்றும் கிடையாது. முள் நகர்வதை, கோடு விலகுவதைப் பார்க்க வளையல் அகலம் போதும். மெஷின்களுக்கு நடுவே நடக்கப் போதாது. ஒருநாள் ஓரத்தில் நின்ற தள்ளுவண்டியில் மோதி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மருத்துவக் குழு 'பட்டறை வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதியது.

பணியாளர் பிரிவு அதிகாரி என்னை அழைத்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். டீ வரவழைத்தார். பெண் எந்த வகுப்பு என்று விசாரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: என்னைப் போட இங்கே வேறு இடம் இல்லை, தகுதியிழப்பு என்று அனுப்பினால் எனக்கு அவமானம், நானாகவே ஓய்வு கேட்டால் கௌரவம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். தாள் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் தன் விரலை வைத்துக் காட்டினார். அந்த விரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தாளோடுதான் அக்காவின் ஜன்னலுக்குப் போனேன்.

மத்தியானம் தபால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிசைந்துகொண்டே அக்கா சட்டம் சொன்னார். மேஜை இழுப்பறையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2016-இல் வந்தது. அச்செடுத்து, நூலால் தைத்து, பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"இருபதாவது பிரிவு. கேட்டுக்கோ. வேலைல இருக்கசொல்லோ ஒருத்தனுக்கு ஊனம் வந்தா அரசு நிறுவனம் அவன வெளிய அனுப்பக் கூடாது. பதவியும் கொறைக்கக் கூடாது. பழைய வேலை செய்ய முடியலியா? அதே சம்பளத்துல வேற வேலை குடுக்கணும். வேற வேலையே இல்லியா? உனக்குன்னு ஒரு இடம் உண்டாக்கி உக்கார வெக்கணும். நீ ரிட்டயர் ஆற வரைக்கும்!"

"ஆபீசர் இதெல்லாம் சொல்லவே இல்லையேக்கா."

"அவர் கைக்கு சொல்வாரு? நீயே எழுதிக் குடுத்துட்டா அவரு அனுப்பல, நீயே போன. சட்டம் உன்னப் புடிச்சு வெக்க முடியாது. அதான்டா சூட்சுமம்!" 'கைக்கு' என்றால் அவருடைய செகந்திராபாத் உருதுவில் 'ஏன்'.

சொல்லும்போதே அவர் கண்கள் விரிந்தன. சாதம் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கையால் பிரிவைக் காட்டி, மறுகையால் என் தோளில் அடித்தார். என் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு மாதமாக எல்லாரும் என்னிடம் பரிதாபமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில், பஸ்ஸில், கோயிலில். பரிதாபப்படாமல் குதூகலமாகப் பேசிய முதல் ஆள் அவர்.

அதுதான் அவருடைய குணம். எங்கேயாவது கதவு சாத்தப்பட்டால் மற்றவர்களுக்கு முகம் வாடும், அவருக்குப் பளபளப்பு ஏறும். "இல்லன்னு சொன்னாங்களா? சூப்பர்! கைக்கு இல்லன்னு எழுதித் தரச் சொல்லு." வாயால் மறுப்பது காற்று, எழுத்தில் மறுத்தால் அது காகிதம், காகிதத்தோடு சண்டை போடலாம் என்பது அவர் கட்சி. அதனால் யாரிடமிருந்தாவது மறுப்புக் கடிதம் வந்தால் துள்ளுவார். நல்ல செய்திக்கு அவர் அந்த அளவுக்குத் துள்ளி நான் பார்த்ததில்லை.

எழுதச் சொல்வது அவருக்குத் தேவையாக ஆரம்பித்த பழக்கம். உதடு படிப்பதில் பாதி ஊகம்தான் என்பார். மீசைக்காரர்கள், வாயைக் கையால் மறைத்துப் பேசுகிறவர்கள், பேசிக்கொண்டே திரும்பி நடக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்து, நோட்டுப் புத்தகத்தை நீட்டுவது. "எழுது!" பழைய படிவங்களின் பின்பக்கத்தைத் தைத்துச் செய்த புத்தகம். கறுப்பு ஸ்கெட்ச் பேனா கழுத்தில் அடையாள அட்டையோடு தொங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதியும் எண்ணும் போடுவார். தபால் பிரிவின் ரத்தம். அவர் பங்கை அவர் வாயால் பேசிவிடுவதால் புத்தகத்தில் எதிராளியின் பேச்சு மட்டும்தான் இருக்கும். ஒருமுறை எனக்கு வாசித்துக் காட்டினார்: 'சத்தியமாக இல்லை அக்கா.' அடுத்த வரி: 'கொஞ்சம் பிடிக்கும்.' அதற்கடுத்த வரி: 'அவங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க.' எங்கள் நிறுவனத்தில் நடந்த மூன்று காதல் கல்யாணங்களின் தொடக்கம் அந்தப் புத்தகங்களில் இருந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டபோது அவருக்கு உலகமே வாயை மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. வேறு யாராவது இருந்தால் ஒடுங்கிப் போயிருப்பார்கள். அக்கா ஒரே வருஷத்தில் பதினாலு நோட்டுகள் நிரப்பினார்.

வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் அவருடையது. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்தவர்கள். வீட்டுத் தமிழ், தெரு உருது, கல்லூரி ஆங்கிலம் மூன்றும் கலந்துதான் பேசுவார். ஆனால் எல்லாம் அவருடைய இருபதாவது வயதில் நின்றுபோன பேச்சு. அன்றைக்குக் கல்லூரிப் பெண்கள் என்ன சொல் சொன்னார்களோ அதே சொல்லை ஐம்பத்தைந்து வயதிலும் சொல்வார். புதிய சொற்கள் அவர் காதில் விழவே இல்லையே. ஐம்பதைத் தாண்டிய அம்மாள் "செம அறுவைடா அவரு" என்று மேலதிகாரியைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், என்னவோ போலவும் இருக்கும்.

வேலைக்கு வந்த கதையை அவரே நடித்துக் காட்டுவார். நேர்முகத் தேர்வில் நடுவில் உட்கார்ந்திருந்தவருக்குப் பெரிய மீசை. ஒன்றும் புரியவில்லை. நோட்டை நீட்டினார். அவர் எழுதினாராம்: 'உனக்கு டெலிபோன் கேட்காதே, எப்படி வேலை செய்வாய்?' அக்கா எழுந்து நின்று, கட்டடம் அதிர, "கடுதாசி பேசாது சார்! என்னத் தபால் பிரிவுல போடுங்க!" என்றாராம். மீசை சிரித்துவிட்டது. அந்தப் பக்கத்தையும் வைத்திருந்தார், பழுப்பேறிப் போய், எண் ஒன்று.

என் விஷயத்துக்கு நடுவில்தான் அந்தப் பரீட்சை வந்தது. இளநிலை எழுத்தர் பணிக்கு எழுத்துத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு விடைத்தாள் கட்டுகளைப் பதிவு செய்யும் வேலை. நான் சும்மா துணைக்குப் போயிருந்தேன். சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தாள். தேர்வு முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வருவதாக விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள், யாரும் கவனிக்கவில்லை. காவலாளிகள் இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக நின்றார்கள். அவள் துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு "வேண்டாம், வேண்டாம்" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் குரல்தான் முதலில் எட்டியது. அக்காவிடம் திரும்பிச் சொன்னேன்.

அவர் படிக்கட்டின் நடுவில் போய் நின்றுவிட்டார்.

"தூக்கறதா? மூட்டையா அவ? யாரும் தொடாதீங்க!"

தேர்வுப் பொறுப்பாளர் இறங்கி வந்தார். இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கிறது, இப்போது ஒன்றும் செய்ய முடியாது என்றார். அக்கா நோட்டை நீட்டினார். "செய்ய முடியாதுன்னு எழுதுங்க. உங்க பேரு, பதவி, நேரம்." அவர் பேனாவைக் கையில் வாங்கினார். யோசித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கீழே எங்கே உட்கார வைப்பது?" என்று கேட்டார்.

"எங்கியா? என் ரூம்ல!"

அப்புறம் ஓட்டம்தான். நானும் இரண்டு காவலாளிகளும் மூட்டைகளை வெளியே இழுத்தோம். எது மூட்டை, எது நாற்காலி என்று தெரியாமல் நான் அக்காவின் கைப்பையையும் சேர்த்து வராந்தாவில் போட்டேன். அவருடைய மேஜை உயரம் சக்கர நாற்காலிக்குச் சரியாக இல்லை. பழைய பதிவேடுகளைக் கால்களுக்குக் கீழே அடுக்கி மேஜையை உயர்த்தினார். ஒரு கண்காணிப்பாளரைக் கீழே வரவழைத்தார். மணி அடித்தபோது அந்தப் பெண் எழுதத் தொடங்கிவிட்டாள். அக்கா வியர்வையோடு வாசலில் காவல் நின்றார், நீச்சல் போட்டியில் ஜெயித்தவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. மதிப்பெண் போதவில்லை. நான் வருத்தப்பட்டேன். அக்கா படவில்லை.

"தோத்தா பரீட்சைல தோக்கணும். படிக்கட்டுல தோக்கக் கூடாது. அவ்ளோதான்."

இவ்வளவு உற்சாகம் பக்கத்தில் இருந்தாலும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். என் மனைவிக்கு இன்னும் பயம். "ஏங்க, அவங்க நல்லபடியாத்தான் சொல்றாங்க. எதிர்த்துக்கிட்டு நின்னா நாளைக்கு ஏதாவது பழி போட்டு அனுப்பினா என்ன பண்ணுவோம்?" என்றாள். பெண் பக்கத்து அறையிலிருந்து "பாப்பாகோ லட்னே தோ மம்மி" என்று ஹிந்தியில் கத்தினாள், அப்பாவைச் சண்டை போட விடு என்று. வீட்டில் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் அக்காவிடம் போய், விட்டுவிடலாம் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொள்கிற மாதிரி இல்லை. பிரிவு, உட்பிரிவு என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோட்டைப் பிடுங்கிப் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'உங்களுக்கென்ன? போகப் போவது என் வேலை. உங்களுக்கு இது விளையாட்டு.'

படித்தார். தேதி போட்டார். எண் போட்டார்.

"விளையாட்டுதான்டா" என்றார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தணிந்த குரலில். "காது போனப்போ வீட்ல எல்லாரும் அழுதாங்க. நானும் ஒரு வருஷம் அழுதேன். அப்புறம் போரடிச்சுது. அழுதுக்கினே இருந்தா நான் எப்படிடா வேலைக்கு வர முடியும்? நீ அழுவணும்னா அழு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கீது."

அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பாசம் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பயமாகத்தான் இருந்தது. தோற்றுப்போனாலும் இந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. அதுவும் தப்பு என்று அடுத்த நாளே தெரிந்தது. என் விண்ணப்பத்தைப் பதிவு செய்ய மறுத்ததற்காக அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் மெமோ. அதை அவரே முத்திரை குத்தி, எண் போட்டு, தன் பெயருக்கு எதிரே தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

"பாத்தியா? எழுத்துல குடுத்துட்டாங்க! உன் விண்ணப்பத்த எங்க வெச்சு அடிச்சாங்கன்னு பதில்ல நானும் எழுதலாம்!"

வெள்ளிக்கிழமை இருவரும் அதிகாரியின் அறைக்குப் போனோம். அவர் இன்னும் முகக்கவசத்தைக் கழற்றாத காலம். என்னிடம் தெலுங்கில், "என்ன முடிவு செய்தீர்கள்? இவங்க எதுக்கு?" என்றார்.

"துணைக்கு வந்தாங்க சார். எனக்கு உள்ள நடக்கச் சிரமம். நீங்க முன்னாடி சொன்னத எழுதிக் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"எழுத்திலா? என்மேல் நம்பிக்கை இல்லையா? உங்கள் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

என்ன பேசுகிறோம் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. முகக்கவசம் மட்டும் அசைவதைப் பார்த்திருக்கிறார். நோட்டை மேஜையில் வைத்து அவர் பக்கம் தள்ளினார். "எனக்குக் காது கேக்காது சார். இவரப் பத்தி இன்னா முடிவுன்னு எழுதுங்க. நான் புரியவெச்சுக் கூட்டிக்கினு போறேன்."

அவருக்கு எரிச்சல். என்னை ஒப்புக்கொள்ள வைக்க இந்த அம்மாள்தான் வழி என்று நினைத்தாரோ என்னவோ, கவசத்தைக் கழற்றுவதற்குப் பதில் பேனாவை எடுத்தார். பேனா தாளில் கீச்சிடும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆங்கிலத்தில் நாலு வரி. எழுதி முடித்ததும் அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, தனக்குத்தானே படித்துக்கொள்வதாக நினைத்து, முழுக் குரலில் படித்தார்.

"இவருக்குக் கண் தெரியவில்லை! இங்கே இவருக்குப் பொருத்தமான பதவி எதுவும் இல்லை! இன்றே விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும்! இல்லாவிட்டால் தகுதியிழப்பு என்று நீக்கப்படுவார்!"

வெளியே இருபது மேஜைகள். ஒரு தட்டச்சுச் சத்தம்கூட இல்லை. அதிகாரி எழுந்து நோட்டுக்காகக் கையை நீட்டினார். அக்கா அதற்குள் தேதியும் எண்ணும் போட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார். அவர் குரலில் அவ்வளவு உண்மையான நன்றி இருந்தது.

அன்றே மனு எழுதினோம், நிர்வாகத்துக்கு ஒன்று, டெல்லியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் அலுவலகத்துக்கு ஒன்று. அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தோம். நான் ஓய்வு கேட்கவில்லை, வேறு வேலை கேட்கிறேன் என்று தெளிவாக எழுதினோம். மாதங்கள் போயின, என் கண்ணின் வளையலும் சுருங்கிக்கொண்டே வந்தது. நான் தினமும் போய்ப் பரிசோதனைப் பிரிவின் மூலையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா தினமும் டெல்லித் தபாலைத் தேடினார். விசாரணைத் தேதி வந்த அன்று அவர் வராந்தாவில் ஓடி வந்த செருப்புச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விசாரணை வீடியோவில். எங்கள் கூட்ட அறையில் ஒரு திரை. நிறுவனத்தின் வழக்கறிஞர் நன்றாகப் பேசினார். நான் போக வேண்டும் என்று யாரும் சொல்லவே இல்லை, குடும்பக் காரணத்தால் நானே விரும்பினேன், பிறகு யாரோ தூண்டி மனம் மாறினேன் என்றார். அக்கா நோட்டின் பக்கத்தைத் திரை முன்னால் பிடித்தார். திரையிலிருந்து ஆணையரின் கேள்வி வந்தது.

"இது யாருடைய கையெழுத்து?"

அதிகாரி என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. பிறகு, "என்னுடையது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

முடிவை ஆணையர் குனிந்து தாளைப் பார்த்துப் படித்தார் போலிருக்கிறது. இணைப்பும் சரியில்லை. அக்காவால் ஒரு வார்த்தையும் பிடிக்க முடியவில்லை. என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். "இன்னா சொல்றாரு? டேய், இன்னா சொல்றாரு?" அவர் இருந்த பரபரப்பில் என் உதட்டைப் படித்திருக்க மாட்டார். அவர் கழுத்திலிருந்த பேனாவைத் தடவி எடுத்து, நோட்டைத் தடவித் திறந்து, 'அதே சம்பளம். அதே பதவி. வேறு வேலை' என்று எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த எதன் மேலேயோ எழுதினேன் என்று பிறகு தெரிந்தது.

"ஹவ்வா?" என்று கத்தினார், நிஜமாவா என்று. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தது கேட்டது.

அது பரிந்துரைதான், நிறுவனம் ஏற்காமலும் இருக்கலாம் என்று வழக்கறிஞர் போகும்போது சொன்னார். அக்காவுக்கு எழுதிக் காட்டினேன். "ஏத்துக்கலன்னா காரணத்த எழுதி அனுப்பணும்! சட்டத்துல கீது!" என்று இன்னும் சந்தோஷப்பட்டார். ஏற்றுக்கொண்டார்கள். வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் என்னைப் போட்டார்கள். நாடெங்கும் ஆய்வுக்கூடங்களிலிருந்து எங்கள் கருவிகளைப் பற்றிச் சந்தேகம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பார்கள். பதினெட்டு வருஷம் கையால் தொட்ட கருவிகள், எந்தத் திருகு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு வந்த மெமோவும் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாச் செய்தியும் காதில் விழும். ஒரு வருஷம் கழித்து ஒன்று விழுந்தது. தபால் மற்றும் ஆவணப் பிரிவுக்கு அதிகாரி பதவி காலியாகிறது, மூப்புப்படி அக்காவுக்கு வரவேண்டும், ஆனால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. போன தடவையும் இல்லையாம். கோப்பில் காரணம்: 'தொலைபேசி கையாள இயலாது. கூட்டங்களில் பங்கேற்க இயலாது.'

ஓடினேன் என்றே சொல்லலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு. சொன்னேன். துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தில் மறுப்பு! அவருக்குப் பிடித்த விஷயம்!

அவர் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. "நக்கோடா. என் விஷயம் வுடு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேச முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஏன்க்கா? இருபதாவது பிரிவிலேயே இருக்கு. ஊனத்த மட்டும் காரணமா வெச்சுப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. நீங்கதான் கோடு போட்டு வெச்சிருக்கீங்க."

"அடுத்தவங்களுக்குன்னா கோவம் வருது. எனக்குன்னா பயம் வருது. கேட்டு, கெடைச்சு, அந்தச் சீட்டுல உக்காந்து முழிச்சா? பாத்தியா, அப்பவே சொன்னோம்னு சொல்வாங்கடா."

அவரைக் கேட்கவில்லை. அன்று மாலையே என் பேசும் கம்ப்யூட்டரில் மனுவைத் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு எழுத்தாக அது எனக்குப் படித்துச் சொன்னது. அக்காவுக்கு எந்தத் தாளிலும் பிழை கண்டுபிடிக்கிற கண், அதனால் நாலு தடவை சரிபார்த்தேன். மறுநாள் அவர் முன்னால் வைத்து, "கையெழுத்து மட்டும் உங்களோடது" என்றேன். திட்டினார். படித்தார். இரண்டு கமா போட்டார். கையெழுத்தும் போட்டார்.

புதிதாக வந்திருந்த பொது மேலாளர் என்னைத்தான் அழைத்தார். "டெலிபோன் விஷயத்துக்கு என்ன செய்வது?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அந்தப் பிரிவுக்கு வர்ற அழைப்ப என் மேஜைக்குத் திருப்பி விடுங்க சார். நான் கேட்டு அவங்களுக்கு டைப் பண்ணி அனுப்பறேன். கூட்டத்துல பேசறது திரையில எழுத்தா ஓடற வசதி இப்ப இருக்கு. இது சலுகை இல்ல சார். வேலை செய்யறதுக்கு வேண்டிய ஏற்பாட்ட நிறுவனம் பண்ணிக் கொடுக்கணும்கறது சட்டம்."

யாருடைய தொனியில் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. கொஞ்சம் சத்தமாகவும் பேசிவிட்டேன் போல. வெளியே இருந்த உதவியாளர் உள்ளே எட்டிப் பார்த்தாராம்.

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது அக்கா அதிகாரி ஆனார். அந்த இரண்டு வருஷமும் அவருக்கு வந்த ஒவ்வொரு அழைப்பையும் நான் கேட்டு எழுதி அனுப்பினேன். இப்போது தங்கையோடு வேலூர்ப் பக்கம் போய்விட்டார்.

பதவியேற்ற முதல் திங்கட்கிழமை பிரிவுத் தலைவர்களின் வாராந்தரக் கூட்டம். இருபத்தெட்டு வருஷமாக அந்த அறைக்குக் கடிதங்களைக் கொடுத்தனுப்பியவர், முதல் தடவை உள்ளே உட்காரப் போகிறார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். புடவையின் சரசரப்பு எனக்குக் கேட்டது. "திரைல எழுத்து ஓடுமில்ல? நிச்சயமா ஓடுமில்ல?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரை மணி நேரம். நான் இரண்டு அழைப்புகளுக்குத் தப்பான பதில் சொன்னேன். கூட்டம் முடிந்து நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் வராந்தாவில் அவர் குரல், நான் இருக்குமிடம் வருவதற்கு முன்னாலேயே.

"டேய்! எல்லாத்தையும் படிச்சேன்டா! ஒரு வார்த்தை வுடல!"

"என்னக்கா பேசினாங்க?" என்று எழுந்து நின்றேன்.

"அர மணி நேரம் கேன்டீன் சமோசா சின்னதாயிடுச்சுன்னு பேசினாங்க. அர மணி நேரம் காரு யாருக்குன்னு. மீதி நேரம் அடுத்த கூட்டம் எப்பன்னு!"

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் உடம்பு குலுங்கியது என் தோள் வரைக்கும் வந்தது. கடைசியில் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"இதுக்காடா என்ன இத்தன வருஷம் உள்ள வுடல?"